மூணாவது இழுப்பு

அன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு நானும் மச்சானும் பீச் டவருக்கு வந்து சேர்ந்தோம். டவர்னா பெருசா ஒண்ணும் இல்ல, மணல்ல நாலு இரும்புக் கால் மேல ஒரு தகரக் கொட்டாய். நான் அங்க பதினோரு வருஷமா லைஃப்கார்டு. மச்சான் என் பொண்டாட்டியோட தம்பி, சரியான அவசரக்குடுக்கை. நான்தான் சிபாரிசு பண்ணி வேலைல சேர்த்துவிட்டேன். அதனால நாங்க கிளம்பும்போதெல்லாம் அவ வாசல்ல நின்னு ஒரே வார்த்தைதான் சொல்வா. "ரெண்டு பேரா போறீங்க, ரெண்டு பேரா வாங்க."

வானம் தெளிவாதான் இருந்தது. ஆனா நடுக்கடல்ல எங்கேயோ புயல் சின்னம். அலை ஆள் உயரத்துக்கு எழும்பி விழுந்துக்கிட்டு இருந்தது. ஒரே ஒரு இடம் மட்டும் அலையே இல்லாம, எண்ணெய் தடவின மாதிரி வழவழன்னு கிடந்தது. பாக்கறவங்க அங்கதான் பயமில்லாம குளிக்கலாம்னு நினைப்பாங்க. ஆளைக் கடலுக்குள்ள இழுத்துட்டுப் போறதே அந்த இடம்தான். போன மாசம் சிவப்புக் கொடியைத் தாண்டி ஒருத்தன் அதுல இறங்கினான். மச்சான் நீந்திப் போய் அவன் கையைப் பிடிச்சும் நழுவிடுச்சு. உடம்பு கிடைக்கவே இல்ல.

அன்னைக்குக் கொடி ஏத்தும்போதே மச்சானைத் திட்டினேன். எங்க வேலைல ஒருத்தன் இடுப்புல பெல்ட்டும் கயிறும் மாட்டிக்கிட்டு நீந்துவான், இன்னொருத்தன் கரையில கயித்தைப் பிடிச்சுக்குவான். ரெண்டு தடவை இழுத்தா 'என்னைக் கரைக்கு இழு'ன்னு அர்த்தம். இவன் எப்பவும் மூணு இழுப்பான். பைக்ல பின்னாடி உக்காந்து வந்தாலும் இதே கதைதான். வீட்டு வாசல் வந்ததும் என் சட்டையை டக் டக் டக்னு மூணு தடவை இழுத்துட்டு, வண்டி நிக்கறதுக்குள்ள குதிச்சிடுவான்.

"உனக்கு எண்ணவே தெரியாதாடா?"

"சரி மாமா, கயித்துல மட்டும் இனிமே ரெண்டுதான். போதுமா?"ன்னு சிரிச்சான்.

நாலு மணிக்குக் கடல்ல இருந்து மூடுபனி ஏறி வந்தது. அஞ்சே நிமிஷத்துல கொடி தெரியல. அலைச் சத்தம்கூட கம்பளி போர்த்தின மாதிரி அமுங்கிப் போச்சு. அழுகின பாசி வாடை மூக்கைத் துளைச்சது.

ஒரு நொடி பனி கிழிஞ்ச மாதிரி விலகுச்சு. அப்பதான் அந்த வழவழப்பான இடத்துல ஒரு கை மேல எழும்புச்சு.

"மாமா, ஆள்."

நான் "பொறுடா"ங்கறதுக்குள்ள பெல்ட்டை மாட்டிக்கிட்டு இறங்கிட்டான். கயிறு என் கைக்குள்ள ஓடுச்சு. முப்பது மீட்டர், அம்பது மீட்டர். அப்புறம் நின்னுடுச்சு.

ரொம்ப நேரம் ஒண்ணும் இல்ல.

அப்புறம் இழுத்துச்சு. ஒண்ணு. ரெண்டு.

காலை மணல்ல ஊன்றி இழுக்க ஆரம்பிச்சேன். நல்ல கனமா இருந்தது.

"மாமா, யாரை இழுக்கற?"

குரல் எனக்குப் பின்னாடி இருந்து வந்தது. கரையில, பனிக்குள்ள இருந்து. மச்சான் குரல்.

"பெல்ட் கழண்டுடுச்சு மாமா. பக்கவாட்டுல நீந்திக் கரையேறிட்டேன். கயித்தை விடு. அதுல இருக்கறது போன மாசத்து ஆள்."

"எங்கடா இருக்க? கிட்ட வா."

"நீ முதல்ல விடு."

கயிறு மறுபடி இழுத்துச்சு. ஒண்ணு. ரெண்டு.

விட்டுட்டு, கயித்துல இருக்கறது மச்சானா இருந்தா, என் பொண்டாட்டி முகத்துல நான் எப்படி முழிப்பேன்? விடலைன்னா எதைக் கரைக்கு இழுத்துட்டு வரப்போறேன்? கயிறு ரெண்டு தடவைதான் இழுத்துச்சு. மச்சான் ஜென்மத்துல ரெண்டோட நிறுத்தினவன் இல்ல.

விட்டுட்டேன்.

கயிறு உள்ளங்கையை அறுத்துக்கிட்டு ஓடுச்சு. முனையில இருந்த முடிச்சு விரல்ல மாட்டி ஒரு நொடி நின்னுச்சு.

டக் டக் டக்.

அப்புறம் போயிடுச்சு. கொடி ஏத்தும்போது 'கயித்துல இனிமே ரெண்டுதான்'னு அவன் எனக்குக் கொடுத்த வாக்கு அப்பதான் ஞாபகம் வந்தது.

தோள்ல ஒரு கை விழுந்தது. திரும்பினேன். மச்சான்தான். அதே முகம், அதே மஞ்சள் டி-ஷர்ட். விரல் மட்டும் நாள்கணக்கா தண்ணியில ஊறின மாதிரி வெளுத்துச் சுருங்கி இருந்தது. இப்பதானே கடல்ல இருந்து வந்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கடைசியா இழுத்தது அலைதான்னும் சொல்லிக்கிட்டேன். பனி விலகினதும் கண்ணு வலிக்கற வரைக்கும் தேடினேன். கடல்ல யாரும் இல்ல.

பைக்ல அவனைப் பின்னாடி ஏத்திக்கிட்டுக் கிளம்பினேன். வழி பூரா என் முதுகுப்பக்கம் சட்டை நனைஞ்சுக்கிட்டே வந்தது. வீட்டு வாசல்ல அவ நின்னுக்கிட்டு இருந்தா. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து போச்சு.

"அப்பாடா, ரெண்டு பேரும் வந்துட்டீங்க."

பின்னாடி இருந்து என் சட்டையை இழுத்தது. ஒண்ணு. ரெண்டு.

மூணாவதுக்காக நான் வண்டியை விட்டு இறங்காம உக்காந்திருந்தேன். அதுக்குள்ள அவ கேட்டைத் திறந்துவிட்டுட்டா.