பெரியவன்

மரவீட்டின் கட்டிலில் இரண்டு தலையணைகள் கிடந்தன. அவற்றில் ஒன்று ஈரமாக இருந்தது.

கூரை ஒழுகுகிறதோ என்று அவள் அண்ணாந்து பார்த்தாள். பலகைகள் நன்றாக உலர்ந்திருந்தன. தலையணையைத் தூக்கி முகர்ந்தாள். வெகுநாள் தண்ணீருக்கடியில் கிடந்து அழுகிய இலைகளின் வாடை. நடுவில் ஒரு குழி, யாரோ தலைவைத்துப் படுத்திருந்து இப்போதுதான் எழுந்துபோன மாதிரி.

வெளியே வந்து மாமியாரிடம் சொன்னாள். கேரவனின் படியில் உட்கார்ந்து கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த மாமியார், ஏரிக்கரை என்றால் எல்லாம் நமுத்துத்தான் போகும், திருப்பிப் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டார். தாம் வண்டியிலேயே படுத்துக்கொள்வதாகவும் மரவீடு முழுக்க மருமகளுக்குத்தான் என்றும் வரும் வழியிலேயே அவர் முடிவு செய்திருந்தார். முதுகுவலிக்குக் கேரவனின் கெட்டிப் படுக்கைதான் ஒத்துக்கொள்கிறதாம்.

இந்தப் பயணமே மாமியாரின் யோசனைதான். கிடங்கில் சரக்குக் கணக்கெடுப்பு இருப்பதாகச் சொல்லிக் கணவன் வரவில்லை. "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்றபோது அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் வண்டியின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சீசன் முடிந்துவிட்டதால் ஏரிக்கரையில் வேறு யாருமில்லை. கோடையெல்லாம் கேரவன்கள் நின்ற இடங்களில் புல் வெளிறி, நீள நீளக் கட்டங்களாகத் தெரிந்தது. அவற்றுக்கு அப்பால் ஏரி. அதற்கும் அப்பால் காடு, மேகத்தின் நிறத்திலேயே.

கூட வேலை செய்கிறவர்கள் மாமியாரைப் பற்றிப் புலம்பும்போது அவளுக்குச் சொல்ல ஒன்றுமே இருக்காது. பெற்றோர் முகம் அவளுக்கு நினைவில்லை. சித்தி வீட்டில் ஒண்டி வளர்ந்தவள். சாப்பிட்டாயா என்று கேட்க ஓர் ஆள் கிடைத்ததே இந்த மாமியார் வந்த பிறகுதான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிற அவர் அவளுக்கும் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். "கிளட்சை இப்படி மிதிக்காதேம்மா, அது என்ன உன் புருஷனா?" என்று அவர் கேட்டதில் சிரிப்பு தாங்காமல் வண்டியை வேலியில் முட்டியிருக்கிறாள். கல்யாணத்துக்குக் கணவனைவிட மாமியாரைப் பார்த்துத்தான் சம்மதித்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

காது பரிசோதிப்பது அவள் வேலை. வந்தவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவாள். கேட்கும்போதெல்லாம் அவர்கள் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். மாமியாரை முதன்முதலில் பார்த்தது அங்கேதான். அவள் ஒலியே அனுப்பாதபோதும் அந்த அம்மாள் அழுத்திக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, தமக்குக் கேட்கிறதே என்று சிரித்தார். கிளம்பும்போது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார். யாருமில்லை என்று அவள் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. பரிவு என்று நினைத்துக்கொண்டாள்.

பொழுது சாயச் சாய ஏரியிலிருந்து பனி எழும்பிக் கரையேறியது. அவள் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தலையணை உறையை மாற்றிக்கொண்டிருந்தபோது, படகுத்துறைப் பலகைகள் முனகும் சத்தமும், தூண்களில் தண்ணீர் நக்கும் சத்தமும், அவற்றுக்கு நடுவே மாமியார் பேசும் சத்தமும் கேட்டன. அங்கே செல்போனுக்கு சிக்னல் கிடைத்திருக்கும் என்று முதலில் நினைத்தாள். ஆனால் ஜன்னல் வழியே பார்த்தபோது மாமியாரின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. பலகையின் விளிம்பில் உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்துக் குனிந்து, ஏதோ கேட்டார். நிறுத்தினார். தலையசைத்தார்.

தனியாகப் பேசுகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அவர்கள் இவ்வளவு நேரம் நிறுத்த மாட்டார்கள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தாள். அந்த இடைவெளியில் ஒரு சத்தம் இருந்தது. மிகத் தாழ்ந்த சத்தம். காதுக்கு எட்டுமுன் பற்களில் அதிர்வாகத் தெரிவது. தண்ணீருக்கு அடியிலிருந்து. ஏறி இறங்கி, பேச்சைப் போலவே.

மாமியார் திரும்பி வந்தபோது அவள் வாசலில் நின்றாள். யாரோடு பேசினீர்கள் என்று கேட்டாள். பொய் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். பொய்யாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று வேண்டிக்கொண்டாள்.

"பெரியவன்கிட்ட," என்றார் மாமியார்.

"எந்தப் பெரியவன், அத்தை?"

"என் பெரிய பிள்ளை. உன் மச்சான்."

கணவன் ஒரே பிள்ளை. பெண் பார்க்க வந்த அன்றிலிருந்து எல்லோரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். மாமியார் அவசரப்படாமல், பாடம் நடத்துகிற அதே பொறுமையோடு சொன்னார். சின்ன வயதில் இங்கே முகாம் போட்டபோது பெரியவன் ஏரியில் இறங்கினான். ஆளும் வரவில்லை, உடம்பும் வரவில்லை. ஆனால் குரல் வந்தது. வருஷா வருஷம் வந்து பேசிவிட்டுப் போகிறார். முதலில் பொம்மை கேட்டான், அப்புறம் போர்வை கேட்டான். இப்போது வளர்ந்துவிட்டான்.

"தனியா இருக்க முடியலம்மான்னு அழறான். நான் என்னம்மா பண்ணுவேன்? பெத்த வயிறு கேக்குமா?"

பிறகு அவள் கன்னத்தைத் தொட்டார். உள்ளங்கை வெதுவெதுப்பாக இருந்தது, எப்போதும்போல. நல்ல பெண் என்று சொல்லிவிட்டுக் கேரவனுக்குள் போனார். உள்ளே தாழ் விழும் சத்தம் கேட்டது.

புத்தி பேதலித்துவிட்டது. வயதான அம்மாள், பிள்ளையை இழந்தவர். அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். மரவீட்டுப் பின்புறத்து மேட்டில் ஏறிக் கணவனைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே கிளம்பி வா என்றாள். பெரியவன் என்று என்னென்னவோ சொல்கிறார் என்றாள். அவள் தொழிலே கேட்பதுதான். அந்த முனையில் அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"உனக்குத் தெரியுமா?"

"அண்ணன் நல்லவன்," என்றான் அவன். "அடிக்கல்லாம் மாட்டான்."

போன் துண்டிக்கப்பட்டது. மறுபடி கூப்பிட்டாள். அணைத்துவைத்திருந்தான்.

அவன் சாப்பாடு கட்டிக்கொடுத்த காலைகள், ஜுரத்தில் மாமியார் விழித்திருந்த இரவுகள், சாப்பாட்டு மேசையருகே அவளுக்கென்று ஒதுக்கிய நாற்காலி. ஒவ்வொன்றும் அவளை நோக்கித் திரும்பியது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இந்த ஏரி இருந்தது. அவளை யாரும் வாழவைக்கவில்லை. நேர்ந்துவிட்ட ஆடுபோல வளர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மேட்டில் நின்றபோதுதான் அது நினைவுக்கு வந்தது. எங்கே நிறுத்தினாலும் மாமியார் முதலில் சக்கரங்களுக்கு மரக்கட்டை முட்டுக்கொடுப்பார், மின்கம்பத்தில் ஒயரைச் செருகுவார். இன்று கட்டை இல்லை. ஒயரும் இல்லை.

எஞ்சின் உறுமியது.

அவள் ஓடினாள். ஈரப்புல் வழுக்கியது. பனியில் வழி தெரியவில்லை. விழுந்தாள். எழுந்தாள். கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். அத்தை என்று கூப்பிட்டாள். இன்னொரு தடவை, வாழ்நாளில் யாரையும் கூப்பிட்டறியாத சொல்லால், அம்மா என்று கூப்பிட்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மாமியாரின் கன்னங்களில் கண்ணீர் வழிந்தது. அவர் கண்ணாடியைப் பார்த்துப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்.

படகுத்துறைப் பலகைகள் முனகின. ஒன்று. அடுத்தது. அதற்கும் அடுத்தது.

பிறகு புல் நசுங்கும் சத்தம்.

கேரவன் சற்றுத் தள்ளிப்போய் நின்றது. முகப்பு விளக்குகள் எரிந்தன. வெளிச்சம் அவளைத் தாண்டி மரவீட்டின் சுவரில் விழுந்தது. கண் கூசித் திரும்பினாள். வெள்ளைச் சுவரில் அவள் நிழல்.

பக்கத்தில் இன்னொன்று.

அவளைவிட உயரம். தோள்கள் சரிந்து, எங்கெங்கோ ஒழுகிக்கொண்டு. தலை மெல்ல அவள் பக்கம் சாய்ந்தது. அழுகிய இலை வாடை. இடது பக்கம் பார்க்கக் கழுத்து திரும்பவில்லை.

வண்டியின் கண்ணாடி இறங்கியது. போட்டோ எடுக்கிறவரைப் போல, ஆசையாக, மாமியார் சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் கிட்ட நில்லும்மா."

சுவரில் அந்த நிழல் கையை நீட்டி அவள் நிழலின் கையைப் பிடித்தது. குளிர் அதற்குப் பிறகுதான் வந்தது.