மரங்கொத்திப் பொந்துக்கு எதிரே

"ஹலோ... அறிவிருக்கா உங்களுக்கு? போனை அணைங்க முதல்ல!"

கத்த முடியாது. காட்டில் ஒளிந்திருந்து பறவைகளைப் பார்ப்பதற்கான அந்தப் பலகை அறைக்குள் எல்லோரும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதனால் அவளுடைய கோபம் மொத்தமும் கிசுகிசுப்பாகத்தான் வந்தது...

எதிர் மரப் பொந்தில் மரங்கொத்திக் குஞ்சுகள். ஆண் பறவை உள்ளேயே காவல். திடீரென்று பின்வரிசையில் ஒரு போன் மரங்கொத்தி மாதிரியே கூவ, வேறொரு ஆண் வந்துவிட்டதென்று நினைத்துச் சண்டைக்குப் பறந்துவிட்டது அது. பக்கத்துக் கிளையில் ஒரு காகம் நகர்ந்து நகர்ந்து பொந்தை நெருங்கியது...

திரும்பினாள். வெளிச்சம் எரியும் போனோடு ஒருவன்.

"குஞ்சு செத்தாலும் பரவால்ல, உங்களுக்கு போட்டோ வேணும்... அதானே?"

அவன் அவளையே பார்த்தான். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊரார் கண்களைச் சோதிப்பவள் அவள். பவரைத் தவிர எதையும் கவனித்ததில்லை. இந்தக் கண்கள் மட்டும்... சே, திட்டும்போது என்ன இது!

நல்லவேளை, ஆண் பறவை திரும்பி வந்து காகத்தை விரட்டியது.

வெளியே வந்ததும் வனக்காவலரிடம் நேராகப் போய்ச் சொன்னாள். அவர் அவனை முறைத்தார்.

"லிஃப்ட் மெக்கானிக், லீவு கெஞ்சி வாங்கிட்டு வந்தேன்னு சொன்னீங்களே... இதுக்குத்தானா? நாளைக்குக் குஞ்சு பறக்கும். நீங்க உள்ள வரக் கூடாது."

அவன் தலையாட்டிவிட்டு நடந்தான்.

ஜீப்பில் ஏறியதும், அக்காவோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுடைய அத்தான் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"எப்படி நம்ம போன்? ஒரே கூவல்... பறவை வெளில வந்துடுச்சுல்ல!"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அத்தான்... நீங்களா?"

"உஷ்!" அக்கா கையைப் பிடித்தாள். "வெளிய சொன்னா நம்ம மானம் போயிடும்டி. அவன் யாரோ எவனோ..."

"யாரோன்னா பழி போடலாமாக்கா?"

ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். காவலரிடம் மறுபடி போய் நின்றபோது முகம் எரிந்தது. அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப நாளைக்கு உங்க குடும்பத்துல யாரும் உள்ள வரக் கூடாதும்மா" என்றார். குஞ்சு பறப்பதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தாள். சரியென்றாள்.

அவன் கேன்டீன் பெஞ்சில் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தான். மழை லேசாகத் தூற ஆரம்பித்திருந்தது...

"வாயில என்ன வெச்சிருந்தீங்க? 'நான் இல்லை'ன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அட, இப்பவும் திட்டுதானா?"

"போன் ஏன் கையில இருந்துச்சு?"

"அணைக்கத்தாங்க எடுத்தேன். கூவினது பக்கத்து சீட்டுக்காரர் போன். உங்ககூட வந்த அக்கா அவர் பக்கத்துலயே இருந்தாங்க... அத்தனை பேர் முன்னாடி அவங்க வீட்டுக்காரரை எப்படிக் காட்டிக் குடுக்கறது?"

"அதுக்காகவா லீவு, பறவை எல்லாத்தையும் விட்டீங்க?"

"அது பாதி."

"மீதி?"

டீயை வைத்துவிட்டுச் சிரித்தான்.

"நீங்க திட்டறப்ப என்னைத் தவிர யாரையும் பாக்கல. நான் வாயைத் திறந்திருந்தா... அந்தப் பார்வை அப்பவே முடிஞ்சிருக்கும்ங்க."

மழை வலுத்தது. அவள் உள்ளே நகர்ந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"ஸாரி. நாளைக்கு உங்களை விடுவாங்க. எங்களைத்தான் விட மாட்டாங்க. போய்ப் பாத்துட்டு வாங்க."

"நீங்க ஊருக்குக் கிளம்பிடுவீங்க..."

"அவங்க கிளம்பட்டும். நான் வெளி கேட் பக்கத்துல நிப்பேன்."

"குஞ்சு பறந்துச்சான்னு கேக்கவா?"

பேச்சை மாற்றிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். மாற்றவில்லை.

"இல்ல... உங்களைப் பிடிச்சிருக்கு. அதுக்கு."