சுவிட்ச் இல்லாத வீடு

மின்பணிக்காரர் ஏணியை மடக்கியபோது வெளியே மழை இருட்டு. அந்தப் பழைய வீட்டின் சுவரைக் கொத்தியதில் விளக்குகளின் வம்சமே வெளியே வந்திருந்தது: கரி படிந்த அகல் மாடம், துணி சுற்றிய ஒயர், டியூப்லைட் மாட்டிய ஆணி, கட்டிலோரத்துக் கறுப்புச் சுவிட்ச். எல்லாவற்றையும் பிடுங்கிப் பூசியாயிற்று. இப்போது கூரையிலிருந்து முட்டை ஓடு போன்ற கண்ணாடி விளக்குகள் தொங்கின.

"சுவிட்சே கிடையாதுக்கா. உடம்புச் சூடு தெரிஞ்சா எரியும். ஆள் நகந்தா தானா அணைஞ்சிடும்."

"அதான் வேணும்," என்றாள் வீட்டுக்காரி.

சுவிட்ச் என்றாலே அவளுக்கு ஆகாது. பக்கவாதத்தில் படுத்த அவள் கணவனுக்கு இருட்டென்றால் குலை நடுங்கும். விளக்கு எரிந்தால் விடிய விடியக் கூப்பிடுகிறான் என்று ஒருநாள் பல்பையே கழற்றிவிட்டாள். அவன் கட்டிலோரச் சுவிட்சை டக், டக்கென்று தட்டிக்கொண்டே கிடந்தான். கதவைச் சாத்திவிட்டு இவள் நிம்மதியாகத் தூங்கினாள். சத்தம் நின்ற பிறகுதான் எட்டிப் பார்த்தாள்; உயிர் போயிருந்தது. கல்நெஞ்சக்காரி, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

மின்பணிக்காரர் போனதும் வீட்டைச் சுற்றி வந்தாள். அவள் கால் வைத்த இடமெல்லாம் விளக்கு எரிந்தது. பெருமை தாங்கவில்லை. கணவன் கிடந்த அறைக்குள்ளும் போனாள்.

டக்.

விளக்கு அணைந்தது.

கையை ஆட்டினாள். எரியவில்லை. மருந்தெண்ணெய் வாடை குப்பென்று வந்தது.

கட்டில் கிடந்த மூலையில் ஒரு விளக்கு எரிந்தது. அதன் கீழே யாருமில்லை.

அதை நோக்கி ஓடினாள். போய்ச் சேர்ந்ததும், டக்.

"என்னங்க," என்று கிசுகிசுத்தாள். "தெரியாமப் பண்ணிட்டேங்க."

தெரிந்தேதான் செய்தாள். அது இருவருக்குமே தெரியும்.

மறந்துபோன டெஸ்டரை எடுக்க மின்பணிக்காரர் காலையில் வந்தார். அவர் நடக்க நடக்க விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. ஜன்னல் சாத்திய அந்த அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். மூலை இருட்டில் அவள் குந்தியிருந்தாள். விரல் நகம் பெயர, வெறும் சுவரை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அங்க சுவிட்ச் இல்லக்கா."

பக்கத்தில் போனார். விளக்கு எரிந்தது. நெற்றியைத் தொட்டார், காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. உதவிக்கு ஆள் கூப்பிட நாலடி நகர்ந்தார்.

அவள் தலைக்கு மேல் விளக்கு அணைந்தது.

"போகாத தம்பி," என்றாள். "நீ போனா எனக்கு எரியாது."

பூசிய சுவருக்குள்ளிருந்து பதில் வந்தது.

டக்.