ஏழாவது ஃபேடர்

ஏழாவது ஃபேடர் அரை விரல் அளவு கீழே இறங்கியது. தானாக இறங்கக் கூடாத ஃபேடர் அது.

பெர்லினின் வெடிங் பகுதியில், பின்முற்றத்துப் பழைய பேக்கரிதான் டெட்லெஃபின் ஸ்டுடியோ. மூன்றரை மணிக்கே வெளிச்சம் செத்துப்போன நவம்பர் பிற்பகல். சூடேற்றும் குழாயில் வெந்த தூசியின் வாடை, மதியம் மீந்த டோனர் கபாபின் பூண்டு நாற்றம், அதற்கெல்லாம் அடியில் கணினியின் இசை நிரல் தானே பின்னிக்கொண்டு போகும் இழுவையான ரீங்காரம். மேசையில் ஒன்பது ஃபேடர்கள், விரலால் ஏற்றி இறக்கும் குமிழ்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் குட்டி மோட்டார். நிரல் மனம் மாறினால் குமிழ் நகர்ந்து காட்டும். ஏழாவது மட்டும் அவன் நெஞ்சில் கட்டிய பட்டையிலிருந்து நாடித்துடிப்பை வாங்குவது. துடிப்புதான் தாளம். நாளைய அரங்கேற்றத் துண்டறிக்கையில் 'என் இதயமே இசையமைக்கிறது' என்று அச்சடித்திருந்தான். வெட்கங்கெட்டவன்.

கிதார் வாசிப்பவர்கள் அவனுக்கு விரல் வித்தைக்காரர்கள். பாடுபவர்கள் தொண்டை வியாபாரிகள். நிரலை ஏறக்குறைய முழுதும் எழுதிய வீப்கே, வெறும் வயர் சொருகுகிறவள். அவளுக்கே போன் போட்டான்.

"ஏழாவது தானா இறங்குது. என்னத்தைக் கிழிச்சு வெச்சிருக்க?"

"நீதானே நேத்து ஒன்பதையும் இருவழியா மாத்தின, மேதாவி? ஏழாவதை விட்டுடுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். அது கேட்டுக்கணும், திருப்பிச் சொல்லக் கூடாது."

"சொன்னா என்னவாம்? என் நெஞ்சு கேட்டு நடக்குமா?" என்று சிரித்தான்.

"நல்லா சிரி. முக்குலதான் இருக்கேன், வரேன்."

ஃபேடர் இன்னும் கொஞ்சம் இறங்கியது. பட்டைக்கு அடியில், விலா எலும்புக்கு உள்ளே, ஏதோ தயங்கியது. தாளம் மெதுவானது. அவன் நெஞ்சும்தான்.

பட்டையைப் பிய்த்து எறிந்தான். அது தரையில் கிடந்தது. தாளம் நிற்கவில்லை. ஃபேடரும் நிற்கவில்லை.

திரையில் அவன் கைப்பட எழுதிய ஒரே வரி ஓடிக்கொண்டிருந்தது: பதினாறு சுற்றில் அடங்கி, மௌனம். பத்து சுற்று முடிந்திருந்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. செத்துப்போயிடுவேன் என்று முதல் முறையாக, எந்த அலட்டலும் இல்லாமல் நினைத்தான்.

குமிழை மேலே தள்ளினான். நெஞ்சு குதித்தது. மோட்டார் எதிர்த்துத் தள்ளியது. இரண்டு கையாலும் பிடித்தான். விட்டால் போச்சு. கணினி மேசையின் அந்தக் கோடியில், கைக்கு எட்டாது. மின்சாரத்தை நிறுத்தவும் முடியாது. நிறுத்தினால் ஒன்பதும் சுழியத்துக்கு விழும். அரங்கில் விளக்கணையும்போது பார்க்க அழகாக இருக்கும் என்று அப்படி அமைத்ததும் இந்தப் பெரிய மனிதனேதான்.

பதின்மூன்று.

மோட்டாருக்கு வியர்க்காது. அவனுக்கு வியர்த்தது. குமிழ் வழுக்கியது. மறுபடி பிடித்தான்.

கதவு திறந்தது. வீப்கே. நனைந்த கோட்டு.

"அடக் கடவுளே, என்ன மூஞ்சி இது! மெஷின் பிடிச்சு இழுக்குதா? கரண்டை நிறுத்தட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். காற்று வந்தது. குரல் வரவில்லை. தலையை ஆட்டினான். திரும்பத் திரும்ப ஆட்டினான்.

"எதைச் சொன்னாலும் உனக்கு வேணாம்தான்." அவள் குரலில் இரக்கம் இருந்தது. "பயப்படாத டெட்லெஃப். இதோ, அணைச்சுடறேன்."

கதவோரம் சிவப்பு சுவிட்ச். அதன்மேல் அவள் கை.