வெளியே வராதவள்

ஊதல் பனியில் வானமும் வயலும் ஒன்றாய் வெளுத்துக் கிடந்தன. மதியம் இரண்டு மணிக்கு ஆரின் ஹாகன், அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் இருந்த அந்தக் கோதுமைக் கிடங்கடியில் தன் சரக்கு ரயிலைக் கொண்டுவந்து நிறுத்தினார். பதினோரு மாதம் கழித்து இன்றுதான் இந்தப் பக்கம் வருகிறார்.

உடன் வேலை பார்க்கும் ஜனெல் இறங்கிப் போய்ப் பெட்டிகளுக்கிடையே பிரேக்குக்கான காற்றுக் குழாய்களை மாட்டினாள். "வெளிய வந்துட்டேன்" என்று ரேடியோவில் சொல்லிவிட்டு இன்ஜினுக்குள் ஏறி வந்தாள்.

"காப்பியக் குடிங்க பெரியவரே. உங்க மூஞ்சி பனிய விட உறைஞ்சு கெடக்கு."

ஆரின் சிரிக்கவில்லை.

ரயிலில் ஒரு விதி உண்டு. பெட்டிகளுக்கு நடுவே நுழைகிறவர் ரேடியோவில் "உள்ள போறேன்" என்பார். ஓட்டுநர் பிரேக்கை இறுக்கிவிட்டு "கட்டிட்டேன்" என்பார். போனவர் வாயாலேயே "வெளிய வந்துட்டேன்" என்று வரும்வரை சக்கரம் அசையக் கூடாது. வேறு யார் சொன்னாலும் செல்லாது.

போன குளிர்காலத்தில் உள்ளே போனவள் அவர் மகள் மாரிட். கிடங்குக்காரன் ரேடியோவில் சொன்னான்: "உன் பொண்ணு இங்க அடுப்புல கை காட்டிக்கிட்டு நிக்கிறாய்யா. எடு வண்டிய."

அடுப்படியில் நின்றது, மாரிட்டுடையதைப் போன்ற ஆரஞ்சு நிறக் கோட்டில் வேறொருத்தி.

ஆரின் வண்டியை எடுத்துவிட்டார்.

இப்போது ரேடியோ கரகரத்தது.

"அப்பா, உள்ள போறேன்."

ஜனெலின் கோப்பை பாதியில் நின்றது. "யாரது? நான் இங்கல்ல இருக்கேன்!"

ஆரினின் கை தானாகப் பிரேக்கை இறுக்கியது. "கட்டிட்டேன், கண்ணு."

ஜனெல் இறங்கி ஓடிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"ஆள் யாருமில்ல. பனியில என் கால்தடம் மட்டுந்தான். மூணாவது பெட்டிக் குழாய்ல இது தொங்குச்சு."

சிவப்புக் கம்பளிக் கையுறை. இடது கையுடையது.

உறைகிற குளிரில் அது வெதுவெதுப்பாக இருந்தது.

சவப்பெட்டியில் மகளின் இரண்டு கைகளிலும் அந்தச் சோடியை மாட்டிவிட்டவர் ஆரின்தான்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து அதட்டல் வந்தது. "ஹாகன், ஏன் இன்னும் நிக்கிறீங்க?"

"உள்ள ஆள் இருக்கு."

"யாரு?"

அவர் கையுறையை வாங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டார். ஒலிவாங்கியை உதட்டோடு வைத்துக்கொண்டார்.

"மாரிட், வெளிய வந்துட்டேன்னு சொல்லும்மா. ஒரே ஒரு தடவ. அன்னிக்கு உன் வாயால கேக்காமப் போயிட்டேனே..."

காற்று ஜன்னலில் உரசியது. கிடங்கிலிருந்து தானியத் தூசியின் வாசனை வந்தது.

பிறகு, காதோரமாக:

"இன்னும் இல்லப்பா. நகத்திடாத."

ஜனெல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வண்டியை முன்னும் பின்னும் செலுத்தும் கைப்பிடியை ஆரின் கழற்றினார். அது இல்லாமல் யாராலும் அந்த ரயிலை நகர்த்த முடியாது. கையுறை இருந்த கோட்டுப் பையிலேயே அதையும் போட்டார்.

"நகத்தலம்மா," என்றார். "இந்தத் தடவ நகத்தல."

பைக்குள் விட்ட கையை அவர் வெளியே எடுக்கவில்லை.

கையுறையின் விரல்கள் மெல்ல மடங்கி, அவர் விரலைப் பற்றிக்கொண்டன.