தகரம் தீர்ந்த நாள்

நோய்ப் பரவலைக் கணிக்கும் பரவல்மானி வரைபடத்தில் ஒரு தெருவைச் சிவப்பாக்கினால், ஒரு மணி நேரத்தில் அதை அடைக்கத் தகரம் வந்துவிடும். ஆலங்கரை நகரில் அப்படி நாற்பத்தொரு தெருக்கள் அடைபட்டிருந்தன. நாற்பத்தொன்றாவது சாயப்பட்டறைத் தெரு. அடைத்து மூன்று நாள்களாகிவிட்டன.

நகராட்சி ஆய்வகத்தில் சளி மாதிரிகளைச் சோதிக்கும் மங்கையர்க்கரசியின் தம்பி நல்லமுத்து அந்தத் தெருவுக்குள் இருந்தான். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டு உயிர்வாழும் உடம்பு. ஒரு முறை தவறிப்போனதில் கால்கள் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது. அடுத்த முறையும் தவறினால் என்னவாகும் என்று மருத்துவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. மறுநாள் காலைக்குள் அவன் வெளியே வந்தாக வேண்டும்.

"ஒரே ஒரு கையெழுத்து சார்," என்றாள் மங்கை, ஆணையர் வில்வநாதனிடம்.

"பதினாலு நாள் அடைப்பு முடியட்டும்மா, நோயாளி எண்ணிக்கை குறையட்டும். மானி பச்சை காட்டின மறுநிமிஷம் திறந்துடலாம்."

நோயாளிகளின் முகவரி, நடமாட்டம், அரசின் ஒவ்வொரு ஆணை ஆகிய மூன்றையும் சேர்த்து எடைபோட்டு, எந்த ஆணை நோயைக் குறைக்கும் என்று கணிக்கும் இயந்திரம் அது. அது அடைக்கச் சொன்னால் எந்த மனிதரும் மறுக்கக் கூடாது என்று விதி எழுதியவரும் வில்வநாதன்தான்.

"நாப்பத்தோரு தெரு அடைச்சும் எண் ஏறிக்கிட்டேதானே சார் இருக்கு?"

"அதனாலதான் இன்னும் இருபது தெரு அடைக்கச் சொல்லுது."

மங்கை மேசையில் கையூன்றிக் குனிந்தாள். "அடைக்கிற அன்னைக்கு மொத்தத் தெருவையும் வெளிய கூப்பிட்டு வரிசையில நிறுத்துறீங்க. நானூறு பேரு ஒரே ரேகைப் பெட்டியில கட்டைவிரல் வைக்கிறாங்க. மறுநாள் அதே பெட்டி அடுத்த தெருவுக்குப் போகுது. அதைத் தூக்கிட்டுப் போறவங்களை என்னைக்காவது சோதிச்சீங்களா?"

"ரேகை வாங்கலைன்னா உள்ள யாரு இருக்காங்கன்னு எப்படித் தெரியும்? நம்ம பணியாளர்களுக்கு விலக்கு இருக்கு. அவங்களையும் அடைச்சுட்டா தகரம் அடிக்க நீ வருவியா?"

நரியை மட்டும் விட்டுவிட்டுக் கூண்டிலுள்ள கோழிகளையெல்லாம் விசாரித்த காவலனின் கதைதான் இது. ஆனால் இங்கே கூண்டுக்குள் இருந்தது அவளுடைய தம்பி.

அன்று பிற்பகல் தகரம் அடிக்கும் குழுவின் மேஸ்திரி சேவுகன் ஆய்வகத்துச் சன்னலருகே வந்து நின்றான்.

"யக்கா, இருமல் டானிக் இருந்தா குடுங்க. எங்க ஆளுங்க அம்புட்டுப் பேருக்கும் தொண்டை கட்டிக்கிச்சு."

"எல்லாரையும் கூப்பிடு. வாயைத் திறக்கச் சொல்லு."

"எங்களுக்குத்தான் விலக்கு இருக்கே?"

"உன் நுரையீரலுக்கு அந்த ஆணையை யாரும் படிச்சுக் காட்டலையே, சேவுகா."

பத்தொன்பது பேரில் பதினான்கு பேருக்குத் தொற்று இருந்தது. அந்தப் பத்தொன்பது பேரையும் வீட்டுக்கு அனுப்பித் தனித்திருக்கச் சொன்னாள். படிவத்தில் 'விலக்கு' என்று நிரப்புவதே வழக்கம். மங்கை அதை அடித்துவிட்டு, அவர்கள் எந்த நாளில் எந்தத் தெருவில் நின்றார்கள், ஒவ்வொரு மாலையும் ஆணையர் அறையில் தேநீர் குடித்தபடி எவ்வளவு நேரம் கணக்கு ஒப்பித்தார்கள் என்பதையெல்லாம் சேவுகனிடமே கேட்டுப் பரவல்மானிக்கு ஏற்றினாள்.

மானி வரைபடத்தை அழித்துப் புதிதாக வரைந்தது. ஒவ்வொரு தெருவிலும் தகரம் வந்த நான்காம் நாள் காய்ச்சல் பெருகியிருந்தது. கோடுகளெல்லாம் ஒரே கட்டடத்திலிருந்து கிளம்பின. அபாய வரிசையில் முதலிடம்: ஆணையர் அலுவலகம். ஆணை: உடனே அடைக்கவும்.

பத்து நிமிடத்தில் தொலைபேசி அலறியது. ஆணையர்தான்.

"என்னம்மா ஏத்தி வச்சிருக்கே? மானி சொன்னதும் ஆபீஸ் கதவு தானாப் பூட்டிக்கிச்சு! உடனே எடு அதை!"

"மாதிரி பத்திரமா இருக்கு சார், யாரு வேணும்னாலும் மறுபடி சோதிக்கட்டும். என் தம்பிக்குக் கையெழுத்துப் போட்டீங்களா?"

"போட முடியாது. அடைபட்ட இடத்திலேர்ந்து எந்தக் கோப்பும் வெளிய போகாது."

"அந்த விதியும் நீங்க எழுதினதுதானா?"

அவள் தொடர்பைத் துண்டித்தாள்.

கடப்பாரையோடு சாயப்பட்டறைத் தெருவுக்குப் போய் முதல் தகரத்தின் இடுக்கில் அதைச் செருகியபோது லாரி வந்து நின்றது. குடிநீர்ப் பிரிவிலிருந்து திரட்டிய மாற்றுக் குழு. தன்னைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தவள் கடப்பாரையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"தள்ளிக்கிங்கக்கா," என்றார் அவர்களில் மூத்தவர். "கடப்பாரை போட்டா தகடு கிழிஞ்சுரும். நாங்க திருப்புளி கொண்டாந்திருக்கோம்."

"எதுக்கு?"

"ஆபீசை அடைக்கணும். கிடங்குல ஒரு தகடுகூட இல்ல, எல்லாம் தெருவுக்கே போயிருச்சு. அபாயம் கொறஞ்ச இடத்துல கழட்டி, கூடுன இடத்துல வைக்கச் சொல்லுது மானி. இங்க இன்னும் காய்ச்சல் ஏறல, அபாய வரிசையில இந்தத் தெருதான் கடேசி நம்பர்."

கால் மணி நேரத்தில் வழி திறந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் மீன்பாடி வண்டியில் நல்லமுத்துவைச் சாய்த்து உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். அவன் உதடு வெளுத்திருந்தது.

"யாருக்கா கையெழுத்துப் போட்டது?"

"எவனும் போடலடா. தகரம் தீந்துபோச்சு."

லாரியில் ஏறிய தகடுகளின் உள்பக்கமெங்கும் தெருக்காரர்கள் கரியால் கிறுக்கியிருந்தார்கள். 'பால் எப்போ வரும்?' 'அம்மா இறந்து ஒரு நாளாச்சு. தூக்க ஆள் அனுப்புங்க.' 'நாங்க இன்னும் உயிரோட இருக்கோம்.' வேலைக்காரர்கள் அவற்றைத் துடைக்கவில்லை. எழுத்துத் தெரியும் பக்கத்தை உள்ளே பார்க்கத் திருப்பி, ஆணையரின் சன்னலுக்கு நேரே நட்டார்கள். படித்து முடிக்க அவருக்குப் பதினான்கு நாள் இருந்தது.