கீழே வைக்காத ஜாடி

பூஜாடியை யசோதரா கீழே வைத்தது ஒரே ஒரு நொடிதான்.

போன் கைப்பையின் அடியில் எங்கோ கிடந்தது. டார்ச்சைப் போட்டு ஜாடிக்குள் அடித்துப் பார்க்கவேண்டும். தலைமுடி மாதிரி ஒரு கீறல் ஓடியிருந்தாலும் அந்த வெளிச்சத்தில்தான் தெரியும். வெளியே மழை பிடித்துக்கொண்டதில் கடைக்குள் பட்டப்பகலே இருட்டிக் கிடந்தது. பக்கத்திலிருந்த ரெக்ஸின் நாற்காலியில் ஜாடியை வைத்தாள். போனை எடுத்தாள். நிமிர்ந்தாள்...

ஜாடி வேறொருவன் கையில் இருந்தது.

"ஹலோ... அது என்னுது."

"எது?"

"உங்க கையில கீதே, அது."

"என் கையில கீறது எப்டிங்க உங்களுது ஆவும்?"

கேள்வி நியாயமானதுதான். அதனால்தான் அவளுக்கு அத்தனை எரிச்சல் வந்தது.

ராயபுரம் கால்மண்டபம் பக்கத்துச் சந்தில் நோயலின் பழைய சாமான் கடை. இடிபடுகிற வீடுகளிலிருந்தும் காலியாகிற கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்களிலிருந்தும் வருகிற நாற்காலிகள், கடிகாரங்கள், பீங்கான்கள். அங்கே ஒரு சட்டம் உண்டு. எழுதி ஒட்டவில்லை, ஆனால் வருகிற எல்லோருக்கும் தெரியும். ஒரு பொருள் ஒருவர் கையில் இருக்கும்வரை அடுத்தவர் அதற்கு விலை கேட்கக்கூடாது. கீழே வைத்துவிட்டால் போச்சு... யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

"நோயல் அங்கிள், இவருகிட்ட சொல்லுங்க!"

கடிகாரங்களுக்குப் பின்னாலிருந்து நோயலின் வழுக்கைத் தலை மட்டும் எட்டிப் பார்த்தது. "ரூல்ஸு ரூல்ஸுதாம்மா யசோ. வச்சிட்ட இல்ல?"

"டார்ச் எடுக்கத்தான வச்சேன்!"

"வச்சது வச்சதுதான்."

யசோதரா எதிரில் நின்றவனை முறைத்தாள். முறைக்கத்தான் பார்த்தாள். ஆனால் மழையில் தொப்பலாக நனைந்து வந்திருந்த அவன் புருவத்தில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. விழுவேனா, மாட்டேனா என்று கண்ணுக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. அவன் துடைக்கவில்லை. இரண்டு கையாலும் ஜாடியைப் பிடித்திருந்தான். சிரிப்பை உள்ளேயே பூட்டி வைத்திருக்கிற கண்கள்... ச்சே, கண்ணையா பார்க்க வந்தோம்?

"சரி. இங்கயே நிக்கிறேன். கை வலிச்சா கீழ வச்சித்தான ஆவணும்?"

"ஹார்பர்ல லாஷிங் வேலைங்க எனக்கு. கப்பல் மேல கன்டெய்னர இரும்பு ராடு போட்டுக் கட்ற கை. இந்த ஜாடிக்கா வலிக்கப் போவுது?"

"பாக்கலாம்."

"மழ நின்னாலும் நிப்பீங்களா?"

"நிப்பேன்."

"அப்ப நான் வாங்கிட்டுப் போய்ட்டா?"

அதை அவள் யோசிக்கவில்லை. அவன் வாங்கியே விட்டான். கழுத்தைப் பிடித்து ஜாடியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியபோது அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஐயோ, கழுத்தப் புடிச்சித் தூக்காதீங்க! அடியில கை குடுங்க..."

"கொழந்த மாரியா?"

"கொழந்த மாரிதான்!"

அவன் ஜாடியைச் சட்டைக்குள் செருகி, அடியில் கை கொடுத்து, மழைக்குள் ஓடினான். நீலமும் வெள்ளையுமாய் ஒரு ஜாடி. பூத்த கிளையில் வால் நீண்ட ஒற்றைப் பறவை. யசோதரா அதைக் கையில் வைத்திருந்தது கொஞ்ச நேரம்தான். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் நினைவில் ஆடியது பறவையில்லை... அந்த ஒற்றைத் துளி.

*

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில், கேட் பாஸ் கவுன்டரில் அவளுக்கு வேலை. வரிசையாக நிற்கிற லாரி டிரைவர்களின் சீட்டுகளில் டப் டப்பென்று முத்திரை குத்தவேண்டும். அந்த வாரம் முத்திரை சில சீட்டுகளில் தலைகீழாக விழுந்தது. எழுந்து தண்ணீர் குடித்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"இன்னா மேடம், சீட்ல முள்ளு கீதா?" என்று ஒரு டிரைவர் கேட்டேவிட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் நோயல் கடைக்குள் நுழைந்தபோது அதே ரெக்ஸின் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். மடியில் ஜாடி.

"வாங்க மேடம். உங்களுக்குத்தான் வெயிட்டிங். இந்த ஆளு என்ன நல்லா ஏமாத்திட்டாரு."

"யார்ரா ஏமாத்தினது?" என்று உள்ளிருந்து நோயல் கத்தினார்.

அவன் பெயர் சாவியோ. இதே ராயபுரம், மாதா கோயில் பின்தெரு. வீட்டில் மாதா சுரூபத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு ஜாடி இருக்கிறதாம். அவன் அப்பா இன்னாசி ஹார்பரில் சரக்கு தூக்குகிற வின்ச் ஓட்டியபோது ஒரு சீனக் கப்பல் கேப்டன் ஜோடியாகக் கொடுத்தது. வீடு மாறும்போது ஒன்று உடைந்துபோனது. அன்றிலிருந்து மாதாவுக்கு ஒரு பக்கம் சீனத்து ஜாடி, மறுபக்கம் ஹார்லிக்ஸ் பாட்டில்.

"அப்பா கடைசி வரைக்கும் தேடிகினே இருந்தாரு. அந்தக் கேப்டன் கதைய அவரு சொல்லணும், நீங்க கேக்கணும்... நீங்களே சீனாக்குப் போய் வந்தாப்ல இருக்கும். அவரு போனப்புறம் நான் தேடறேன். இது கெடச்சிதேன்னு கொண்டுபோய் வச்சா... ரெண்டு பறவையும் முதுகக் காட்டிகினு நிக்குது! சண்ட போட்ட புருஷன் பொண்டாட்டி மாரி."

யசோதராவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இடத்த மாத்தி வைங்க."

"ஆங்?"

"ஜோடி ஜாடின்னா ஒண்ணு இந்தப் பக்கம் பாக்கும், ஒண்ணு அந்தப் பக்கம் பாக்கும். எடம் மாறினா முதுகுதான் தெரியும். மாத்தி வச்சா மூஞ்ச பாத்துக்கும்."

சாவியோ ஜாடியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "அவ்ளோதானா...?"

அந்த 'அவ்ளோதானா'வில் ஒரு குழந்தை இருந்தது. நோயல் டீ கொண்டுவந்தார். அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு, சாஸரைக் கவிழ்த்து அடியைப் பார்த்தாள்.

"அதுல இன்னா பாக்கறீங்க?"

"பழக்கம். பீங்கான்னா எனக்கு மொதல்ல அடியப் பாக்கணும். மேல என்ன வேணா வரைஞ்சிடலாம்... அடி பொய் சொல்லாது."

"அப்ப வந்து எங்க வூட்டு ஜாடியோட அடியும் பாத்து, ஜோடிதான்னு அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க."

போகக்கூடாது என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தச் சுடிதார் போடுவது என்று பீரோவைக் கலைத்துக்கொண்டிருந்தாள்.

*

சாவியோவின் அம்மா சிலுவையம்மாள் அதிகம் பேசாதவள். "வாம்மா, ஒக்காரு" என்றாள். வஞ்சிரம் வறுக்கிற வாசனை வந்தது. யசோதரா உட்காரவில்லை. சுவரோரம் மாதா பீடம். எரிகிற மெழுகுவர்த்தி. இருபுறமும் இரண்டு ஜாடிகள், ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு பறவைகள்.

"மாத்தி வச்சிட்டேன் பாத்தீங்களா?" என்று சாவியோ காதருகில் சொன்னான்.

அந்தக் குரலா, அந்த நீலமா, எது அவளைக் கிறங்க வைத்ததோ... எது கடை ஜாடி, எது வீட்டு ஜாடி என்று அவள் மனம் கணித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதே கை முந்திக்கொண்டது. பீடத்திலிருந்த வீட்டு ஜாடியை எடுத்தாள். நோயல் கடையில் சாஸரைக் கவிழ்த்தது போலக் கவிழ்த்தாள்.

தண்ணீரும் சம்பங்கியும் மாதாவின் பாதத்தில் கொட்டின. மெழுகுவர்த்தி 'உஸ்'ஸென்று அணைந்தது.

"மாதாவே!" என்று சிலுவையம்மாள் நெஞ்சில் கை வைத்தாள்.

அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் யசோதராவின் கண் ஜாடியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய ஜாடிகளின் அடியில் இருக்கிற, மண் துகள் ஒட்டிய சொரசொரப்பு இல்லை. மழமழவென்று வழித்த விளிம்பு, அச்சில் குத்திய முத்திரை.

"இது... புதுசு. மெஷின்ல செஞ்சது. கப்பல்ல வந்ததில்ல, கடையில வாங்கினது. ரெண்டும் ஜோடி இல்ல."

வாயை விட்டு வந்தபிறகுதான் அவளுக்கே கேட்டது.

சாவியோவின் கண்ணில் பூட்டி வைத்த சிரிப்பு எங்கேயோ போயிருந்தது. "அப்ப எங்கப்பா பொய் சொன்னாருன்றீங்களா?"

"நான் ஜாடியப் பத்திதான் சொன்னேன்."

"எங்களுக்கு ஜாடியும் அப்பாவும் ஒண்ணுதாங்க."

"கூப்ட்டது நீங்க. பாக்கச் சொன்னது நீங்க. உண்மையச் சொன்னா கோவம் வருதா?"

சிலுவையம்மாள் குனிந்து, சம்பங்கிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். யசோதரா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். யாரும் கூப்பிடவில்லை... திரும்பிப் பார்க்கக்கூடாது என்று தெருமுனை வரை பிடிவாதமாக நடந்தாள்.

*

வியாசர்பாடி வீட்டில் பீரோ மேல் அவள் சேர்த்த பீங்கான்கள் இருந்தன. வாய் உடைந்த கிண்ணம், சூப் ஸ்பூன், மீன் நீந்துகிற தட்டு. துடைத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"அத்த எத்தினி வாட்டிதான் தொடைப்ப?" என்றாள் அம்மா ரமாபாய். "தட்டுல சோறு துன்ன மாட்ட, தட்டையே பாத்துகினு கீற. இன்னாடி ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கா ஒரு வாரமா பூன மாரி வூட்டச் சுத்திகினு கீற?"

சாவியோ வீட்டில் தான் சொன்னதில் தப்பில்லை. ஜாடி புதுசுதான். ஆனால் ஒரு மனிதர் தன் பிள்ளைக்குச் சொல்லிவிட்டுப்போன கதையை, அவன் அம்மாவுக்கு எதிரிலேயே கவிழ்த்துக் காட்டியது யார்? சனிக்கிழமை கடைக்குப் போகாமல் இருந்துபார்த்தாள். மத்தியானம் தாண்டவில்லை. குடையை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினாள்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக்கிடந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று பெட்டி பெட்டியாக ஊர்ந்தது... முடிகிற மாதிரி தெரியவில்லை. ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே இழுத்துக்கொண்டாள். மறுபடி எட்டிப் பார்த்தாள்.

"நீ பாக்கறதால அது வேகமா போவாதும்மா" என்றார் டிரைவர்.

சாவியோ வீட்டுக் கதவைச் சிலுவையம்மாள்தான் திறந்தாள்.

"ஆன்ட்டி... பீடத்துல தண்ணி கொட்டினது என் தப்பு. மன்னிச்சிடுங்க." குடைக்காம்பைத் திருகினாள். "ஜாடியப் பத்திச் சொன்னத மட்டும் மாத்திச் சொல்ல முடியல. ஆனா அங்க, அப்டி சொல்லியிருக்கக் கூடாது."

சிலுவையம்மாள் அவள் கையிலிருந்த குடையை வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். பிறகு, "கவுக்கறதுக்கு முன்னால தண்ணிய ஊத்திட்டுக் கவுக்கணும்னுகூடவா தெரியாது உனக்கு?" என்றாள்.

யசோதரா விழித்தாள்.

"கல்யாணமான புதுசுல அந்த மனுசன் கொண்டாந்து வச்சாரு. கேப்டன் குட்த்தாருன்னாரு. அடியில பாரிஸ் கார்னர் கடை சீட்டு ஒட்டிகினு கீது! நான்தான் நகத்தால சொரண்டிப் போட்டேன்."

"அப்ப... உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? அந்தக் கதைய சொல்றப்ப அவரு மூஞ்சி எப்டி இருக்கும் தெரியுமா? அதுக்கோசரம் நூறு ஜாடி பொய்யா இருக்கட்டுமே." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "புள்ளதான் நம்பிகினு கீறான். அவன்கிட்ட நான் சொன்னா என் மேலயும் கோச்சிப்பான். நீ சொல்லு. நோயல்கிட்ட வாங்கின ஜாடியத் திருப்பிக் குடுக்கறேன்னு கடைக்குத்தான் போனான்... இன்னா நிக்கிற? போ!"

*

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. குடையைச் சிலுவையம்மாள் வீட்டிலேயே மறந்துவிட்டிருந்தாள். ஓடினாள்.

கடை வாசலில் சாவியோ நின்றுகொண்டிருந்தான், இரண்டு கையிலும் அந்த ஒரே ஜாடியைத் தாங்கியபடி. அடியில் கை கொடுத்துப் பிடித்திருந்தான்... குழந்தையைப் போல.

"வாம்மா யசோ" என்றார் நோயல் அலுப்பாக. "வந்ததுலருந்து திருப்பி எடுத்துக்கோ, எடுத்துக்கோன்றான். கீழ மட்டும் வைக்க மாட்டேன்றான். பேஜாரா கீது இவனோட."

"வச்சா யாராச்சும் எடுத்துகினு பூடுவாங்க" என்றான் சாவியோ, அவளைப் பார்க்காமல்.

அவள் மூச்சு வாங்கச் சொன்னாள். கடைச் சீட்டை, சுரண்டிய நகத்தை, கதை சொல்லும்போது மலர்கிற இன்னாசியின் முகத்தை. சாவியோ கேட்டுக்கொண்டே இருந்தான். முதலில் திகைத்தான். பிறகு உதடு கோணியது. அழப்போகிறான் என்று அவள் பயந்தபோது சிரித்துவிட்டான்... கண்ணில் நீரோடு.

"ரெண்டு பேருமா சேந்து என்ன ஏமாத்திகினு இருந்தாங்களா?"

"ஏமாத்தல. அவரு சொன்னாரு... அவங்க கேட்டாங்க. அவ்ளோதான்."

"அவ்ளோதானா...?" என்றான். பிறகு மெல்ல, "கோவத்துல உன்ன அனுப்பிட்டேன். ஆனா அன்னிலருந்து கப்பல் மேல ஏறினாலும் கீழ எறங்கினாலும் நிம்மதி இல்ல. ஜாடி ஜோடியா இல்லன்னா போவுது. நீ வராம போய்ட்டா... அதான் பயமா இருந்துச்சு. எனக்கு உன்னப் புடிச்சிருக்கு யசோ."

'நீங்க' எப்போது 'நீ' ஆனது? அவன் புருவத்தில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. விழுவேனா, மாட்டேனா என்று. அவனுக்குக் கை ஒழியவில்லை. யசோதரா துப்பட்டா நுனியால் அதை ஒற்றி எடுத்தாள். எடுத்த கை திரும்பவில்லை... ஜாடியைப் பிடித்திருந்த அவன் மணிக்கட்டைச் சுற்றி நின்றுகொண்டது.

"அங்கிள், நான் கையில எடுத்துட்டேன். இனிமே வேற யாரும் விலை கேக்கக்கூடாது."

"எத? ஜாடியவா?" என்றார் நோயல்.

"ஜாடிய அவருதான வச்சிகினு கீறாரு."

நோயல் கடிகாரங்களுக்குப் பின்னால் தலையை இழுத்துக்கொண்டார்.

பூட்டி வைத்த சிரிப்பு சாவியோவின் கண்ணை விட்டு முழுதாக வெளியே வந்துவிட்டது. "கை வலிச்சா...?"

"நாள் பூரா சீட்டுக்கு முத்திர குத்தற கை" என்றாள் யசோதரா. "இதுக்கா வலிக்கப் போவுது?"